இந்தப் பல் காத்திருக்குமா, டாக்டர்?

வலது கடைவாயில் ஒரு கூச்சம். அதற்காகத்தான் போனேன். கிளினிக்கை விட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு எஸ்டிமேட் இருந்தது. வேர் சிகிச்சை மூன்று பல்லுக்கு 15,000 ரூபாய். அந்த மூன்றுக்கும் ஜிர்கோனியா கேப், 27,000. கீழ்வரிசை ஞானப்பல்லை எடுக்க 6,000. பத்து வருஷத்துக்கு முன்னால் பிடுங்கிய பல்லின் இடத்தில் இம்ப்ளான்ட், 32,000. பல் சுத்தம் 1,500. கூட்டினால் 81,500. அடியில் பேனாவால் எழுதியிருந்தது: இன்றே அட்வான்ஸ் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி.

டாக்டர் என்னிடம் பேசியது ஐந்து நிமிடம். பிறகு பக்கத்து அறையில் ஓர் இளம்பெண் அரை மணி நேரம் பேசினார். "இப்ப விட்டா இன்ஃபெக்‌ஷன் பக்கத்துப் பல்லுக்கும் போயிடும் மேடம், அப்புறம் டபுளா செலவாகும். ஈஎம்ஐ போட்டுக்கலாம், மாசம் ஆறாயிரம்கூட வராது. ஆதார், பான் கார்டு இருக்கா?" அன்பாகத்தான் பேசினார். அன்பாகப் பேசுகிறவரிடம் "என்கிட்ட காசு இல்லைம்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துகொண்டேன். வீட்டில் கேட்க யாரும் இல்லை. வரவு செலவு பார்க்கிறவளே நான்தான்.

அன்று ராத்திரி பல்லைவிட அந்தச் சீட்டுதான் தூங்கவிடவில்லை. நகையை வைக்கலாமா, மகளிர் குழுவில் கடன் கேட்கலாமா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கூடவே ஒரு குற்ற உணர்ச்சி. நாற்பத்தெட்டு வயசு வரை பல்லைக் கவனிக்காமல் விட்டவள் நான், இப்போது காசில்லை என்றும் சொல்கிறேன் என்று.

இதை நான் மட்டும் அனுபவிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் தெருவில் விசாரித்தால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு சீட்டு பீரோவுக்குள் மடிந்து கிடக்கிறது. எங்கள் ஊரான பட்டாபிராம் இன்று பழைய பட்டாபிராம் இல்லை. இந்துக் கல்லூரியும் ரயில் பாதையும் ராணுவ சைடிங்கும் மட்டுமே அடையாளமாக இருந்த ஊரில், 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் கண்ணாடி முகப்பு வைத்த பல் கிளினிக்குகள் பெருகிவிட்டன. ஆனால் விடியற்காலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் கூடையோடும் டிபன் பாக்ஸோடும் ரயில் ஏறுகிற கூட்டம் அதே கூட்டம்தான். அவர்கள் சம்பளம் கண்ணாடி முகப்போடு சேர்ந்து உயரவில்லை.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. இதய அறுவைக்கு உதவும், விபத்தில் தாடை உடைந்தால் உதவும். சாதாரணச் சொத்தைப் பல்லுக்கும் கேப்புக்கும் அது வராது. காசு கட்டி எடுக்கிற தனியார் மருத்துவக் காப்பீடுகளும் பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்றதை விலக்கியே வைத்திருக்கின்றன. உடம்பில் எங்கே நோய் வந்தாலும் அது நோய், வாயில் வந்தால் மட்டும் அது அவரவர் சொந்தச் செலவு என்றாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி வாய் நோய்கள் உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேரைப் பிடித்திருக்கின்றன. அவர்களில் நாலில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை நம் அலட்சியம் என்று மட்டும் சொல்லி நம்மை நாமே நொந்துகொள்வதில் நியாயமில்லை.

பிரித்துப் பார்த்தால்

எனக்கு வழி காட்டியவர் ஒரு வயதான பல் மருத்துவர், தோழியின் உறவுக்காரர். எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தார். விலை அதிகம், குறைவு என்று ஒன்றும் சொல்லவில்லை. "இதுல அஞ்சு விஷயம் இருக்கும்மா. அஞ்சும் ஒண்ணா வந்ததால பயந்துட்டீங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு கேள்வி கேளுங்க: இந்தப் பல் காத்திருக்குமா, டாக்டர்? எவ்வளவு நாள் காத்திருக்கும்?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் சாரம். அவசரம், தேவை, விருப்பம் மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டி, ஒரே நாளில் முடிவெடுக்கச் சொல்லும்போதுதான் நெருக்கடி உண்டாகிறது. கூட்டியதைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் உடனே பார்க்க வேண்டியதாக மிஞ்சும்.

எது காத்திருக்காது? குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்று கூசி, சில நொடியில் அடங்கிவிட்டால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். நாள் இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் இல்லை. குளிர்ச்சி போன பிறகும் நிமிஷக்கணக்கில் வலித்தால், சூடு பட்டால் தெறித்தால், தூக்கத்தில் எழுப்பினால், உள்நரம்பு மீளமுடியாமல் அழற்சி கொண்டுவிட்டது என்று பொருள். வேர் சிகிச்சை, இல்லையென்றால் பல்லை எடுப்பது. இதை நாட்களில் முடிவு செய்ய வேண்டும். வாரக்கணக்காக வலித்த பல் ஒருநாள் திடீரென்று அமைதியானால் பலரும் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். பெரும்பாலும் நரம்பு செத்துப்போனதால் வருகிற அமைதி அது. கிருமி வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. முகத்திலோ தாடைக்கு அடியிலோ வீங்குவது, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, கூடவே காய்ச்சல். இவை வந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கவே கூடாது. நள்ளிரவானாலும் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். 1836இல் ஜெர்மனி மருத்துவர் லுட்விக் விவரித்த நோய் இது. பல்லில் தொடங்கும் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழலை அடைக்கும். பல் வலிதானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உயிரை விட்டவர்கள் உண்டு. ஆண்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைத் தற்காலிகமாக அடக்கும். பல்லுக்குள் இருக்கும் காரணம் அங்கேயே இருக்கும், திரும்பவும் வரும்.

கிராம்புத் தைலம் வலியை மட்டுப்படுத்துவது உண்மைதான். அதிலுள்ள யூஜினால் பல் மருத்துவரின் தற்காலிக அடைப்பிலும் இருக்கிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். மூக்குப்பொடி, கற்பூரம் வைப்பதெல்லாம் ஈறைப் புண்ணாக்கும், வேண்டாம்.

இனி எது காத்திருக்கும் என்று பார்க்கலாம். என் சீட்டில் இருந்த ஞானப்பல்லில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. "பின்னால தொல்லை கொடுக்கும்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்று 2000இலேயே சொல்லிவிட்டது. பிடுங்கிய பல்லின் காலியிடம்? பத்து வருஷமாக அது காலியாகத்தான் இருக்கிறது. நான் முறுக்கும் கடிக்கிறேன், கரும்பும் கடிக்கிறேன். நெதர்லாந்து பேராசிரியர் கைசர் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால், பின்னால் சில பல் இல்லாவிட்டாலும் ஒருவர் நன்றாகவே மென்று வாழலாம் என்ற கருத்து பல் மருத்துவத்தில் இடம்பிடித்தது. ஜப்பான் 1989இல் தொடங்கிய இயக்கத்தின் இலக்கும் எண்பது வயதில் இருபது பல் மிஞ்ச வேண்டும் என்பதுதான். வாயில் முப்பத்திரண்டும் இருந்தே தீர வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சை. பணமும் விருப்பமும் இருப்பவர் வைத்துக்கொள்ளட்டும். அதை வைப்பதற்காகக் கடன்காரி ஆகத் தேவையில்லை.

"பக்கத்துப் பல்லுக்கும் போயிடும்" என்ற பயமுறுத்தலையும் பெரியவரிடம் கேட்டேன். தீப்பிடிப்பது போல ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குச் சொத்தை தாவுவதில்லை என்றார். இரண்டு பல்லுக்கும் நடுவில் உணவு தேங்கிக்கொண்டே இருந்தால் இரண்டிலும் தனித்தனியாக வரலாம். அதற்கு மருந்து இடுக்குகளைச் சுத்தம் செய்வதுதான்.

கேப் பற்றியும் சொல்ல வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் தேவைதான். இல்லையென்றால் கடிக்கும்போது பிளந்துவிடும் ஆபத்து அதிகம். ஆனால் அது ஜிர்கோனியாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே தெரியாத பின்பல்லுக்கு உலோகக் கேப் எத்தனையோ தலைமுறையாக உழைத்திருக்கிறது, விலையும் குறைவு. "மெட்டல் கேப் போதும் டாக்டர்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலிவான வழி என்றால் மட்டமான வழி என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃப்ளூரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் அடைப்பு, வெள்ளி டையமின் ஃப்ளூரைடு மூன்றையும் சேர்த்தது. இந்த வெள்ளி மருந்தைச் சொத்தையில் தடவினால் சொத்தை மேலும் பரவாமல் நிற்கும். அந்த இடம் கறுத்துவிடும் என்பதுதான் குறை. குழந்தைகளின் பால்பல்லுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய வரம். மின்சார டிரில் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவானது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வசதி குறைந்தவர்களுக்காகவே அறிவியல் யோசித்து வைத்திருக்கிற வழிகள் இவை. எஸ்டிமேட்டில் இவை இல்லையென்றால் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில். இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா ஸ்டேஷன். அங்கிருந்து ஒரே ஸ்டேஷன், கோட்டை. கடற்கரை வண்டி கிடைத்தால் கடற்கரையில் இறங்கி இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் வந்தாலும் சரி. கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953இல் தொடங்கியது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில்தான் முதன்முதலாக உள்ளே நுழைந்தேன்.

அங்கே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் சலிப்பு வராது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட வேண்டும். முதலில் நோயைக் கண்டறியும் பிரிவு. அங்கே வாய் முழுவதையும் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல்லுக்கு எந்தப் பிரிவு என்று எழுதுவார்கள். அடைப்பதும் வேர் சிகிச்சையும் ஒரு பிரிவு, பிடுங்குவது ஒரு பிரிவு, ஈறு ஒரு பிரிவு, பல் செட் ஒரு பிரிவு. இது கல்லூரி என்பதால் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செய்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்த பிறகே அடுத்த கட்டம். அதனால் தனியார் கிளினிக்கில் முக்கால் மணியில் முடிகிற வேலைக்கு அரைநாள் ஆகும். ஒரு தடவையில் முடிவது மூன்று தடவை ஆகும். தினக்கூலிக்காரருக்கு அந்த அரைநாளும் காசுதான், மறுக்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனக்குச் செய்தது ஒரு முதுநிலை மாணவி. என் மகள் வயசுதான் இருக்கும். "வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திடறேன்" என்றாள். நான் கையைத் தூக்கிய இரண்டு முறையும் நிறுத்தினாள். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் காட்டி, கறுப்பு எங்கே இருக்கிறது, அது நரம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று விளக்கினாள். என் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் அதுவரை காட்டியதில்லை. மூன்று வேர் சிகிச்சை என்று எழுதப்பட்டிருந்ததில் ஒன்றுக்குத்தான் வேர் சிகிச்சை செய்தார்கள். ஒன்றை அடைத்தார்கள். மூன்றாவதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் மருத்துவர் பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆழமான சொத்தையில் ஒரு மருத்துவர் இப்போதே வேர் சிகிச்சை என்பார், இன்னொருவர் அடைத்துப் பார்ப்போம் என்பார். இரண்டுக்கும் வாதம் உண்டு. இரண்டாவது கருத்து கேட்பதன் பயனே இதுதான்.

அது நம் உரிமையும்கூட. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்து பெறும் உரிமை, தன் எக்ஸ்ரே உள்ளிட்ட ஆவணங்களைப் பெறும் உரிமை, கட்டணத்தை முன்கூட்டியே அறியும் உரிமை மூன்றும் இருக்கின்றன. "எக்ஸ்ரே காப்பி குடுங்க, யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்றால் போதும். அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன. வட்ட அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பல் மருத்துவர் இருக்கிறார். பிடுங்குவது, அடைப்பது போன்றவற்றுக்குக் கோட்டை வரை போகத் தேவையே இல்லாமல் போகலாம், முதலில் ஆவடியில் கேளுங்கள். வேலப்பன்சாவடி, மதுரவாயல், முகப்பேர், போரூர் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் சுற்றியும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அவர்களுக்கு நோயாளிகள் தேவை. அதனால் கட்டணம் வெளியைவிடக் குறைவாகவே இருக்கும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறவர்கள் அந்த அட்டையைப் பல்லுக்கும் காட்டலாம் என்பதே அம்பத்தூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பல பேருக்குத் தெரியவில்லை. டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

ஆறாயிரம்கூட வராது

ஈஎம்ஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பல் சிகிச்சைக்குத் தவணை என்றால் நாம் கிளினிக்குக்குத் தவணை கட்டுவதாக நினைக்கிறோம். இல்லை. ஒரு நிதி நிறுவனத்திடம் நம் பெயரில் கடன் ஏறுகிறது. கிளினிக்குக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விடுகிறது. இரண்டு பல் முடிந்து மூன்றாவதில் மனசு மாறினாலும், அந்தக் கிளினிக் இடம் மாறிப் போனாலும், மாதத் தவணை நிற்காது. ஒரு தவணை தவறினால் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும்.

"வட்டியே இல்லை" என்பதை ரிசர்வ் வங்கியே ஏற்கவில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி செயலாக்கக் கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய தனிநபர் கடன்களுக்கெல்லாம் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கடன் வாங்குகிறவருக்குத் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். அந்தத் தாளை வாங்கிப் படிக்காமல் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அவசரத்தில் சொல்லிவிட்டீர்களா? செயலி வழிக் கடன் என்றால் குறைந்தது ஒருநாளாவது யோசித்து ரத்து செய்யும் அவகாசம் உண்டு. வாங்கிய அசலையும் அந்த நாட்களுக்கான கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்து வெளியே வந்துவிடலாம்.

இதைவிட எளிய ஏற்பாடு ஒன்றை என் தெருவில் பலர் செய்திருக்கிறார்கள். நம்பிக்கையான ஒரு சின்ன கிளினிக்கில், "டாக்டர், என்னால மாசம் இவ்வளவுதான் முடியும். எந்தப் பல்லை முதல்ல பார்க்கணும்?" என்று நேராகவே கேட்டுவிடுவது. வேர் சிகிச்சையே இரண்டு மூன்று தடவையாக நடக்கிற வேலை. வருகிற அன்றைக்கு அன்றைய காசு என்று பெரும்பாலான டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மீதும் நெருக்கடி இருக்கிறது. நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, படித்து வருகிறவர்களுக்கு அரசு வேலை சொற்பம். கடன் வாங்கிப் படித்து, கடன் வாங்கி நாற்காலி போட்டு, சி.டி.எச். சாலை வாடகை கொடுக்கிறார்கள். அந்தச் சுமையை நோயாளியின் தலையில் இறக்காமல் நேர்மையாகத் தொழில் செய்கிற டாக்டரம்மாக்களும் டாக்டர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் பணமில்லை என்று சொன்னால் முகம் மாறாது.

காசில்லை என்பதற்காகப் போகக் கூடாத இடமும் உண்டு. பிளாட்பாரத்திலும் சந்துக்கடையிலும் "ஒரே மணி நேரத்தில் ஃபிக்ஸட் பல்" என்று அக்ரிலிக்கைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறவர்கள் டாக்டர்கள் இல்லை. அது ஈறை அழுகவைத்து, நல்லாயிருந்த இரண்டு பல்லையும் சேர்த்துக் கொண்டுபோகும். சட்டப்படி பதிவு இல்லாதவர் பல் மருத்துவம் செய்வதே குற்றம். பதிவு எண்ணைக் கேட்கலாம். பதிவு பெற்ற இடமானாலும் சுத்தத்தைப் பார்க்க வேண்டும். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய தொற்றில் எட்டுப் பேர் இறந்தார்கள். கிருமி கலந்த சலைன் அதற்குக் காரணமாக ஆய்வில் தெரியவந்தது. கருவிகளை உறை பிரித்து நம் கண்முன் எடுக்கிறார்களா, புது சலைன் பாட்டிலா என்று பாருங்கள். வாயைத் திறந்து உட்காருமுன் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு நெருக்கடி கிளினிக்கிலிருந்து வருவதில்லை, வீட்டுக் கூடத்திலிருந்து வருகிறது. எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குத் தெத்துப்பல். சிரித்தால் அத்தனை அழகாக இருப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் போனபின் தரகர், "பல்லுக்கு மட்டும் கிளிப் போட்டுடுங்க, மத்ததெல்லாம் ஓகே" என்று செய்தி கொண்டுவந்தார். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணத்தைக் கிளிப்புக்கு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். கிளிப் போட ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும், நடுவில் நிறுத்தினால் பல் பழையபடி நகரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடிப்பதற்கோ சுத்தம் செய்வதற்கோ சிரமம் இருந்தால் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம் என்றும் சொன்னேன். அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து, "எனக்கு வேணும்னா நான் சம்பாதிச்சுப் போட்டுக்கறேன் சித்தி. அவங்களுக்காகப் போட மாட்டேன்" என்றாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் பணம் பீரோவிலேயே இருக்கிறது.

என் வேர் சிகிச்சை முடிந்துவிட்டது. கேப் இன்னும் போடவில்லை. அதற்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய் எடுத்து வைக்கிறேன். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்கக் கூடாது என்று அந்த மாணவி சொல்லியிருக்கிறாள். மூன்றாவது பல்லைப் பார்க்க வரும் வியாழக்கிழமை கோட்டைக்குப் போகிறேன். இந்தத் தடவை எதிர்வீட்டு அக்காவும் கூட வருகிறாள். இரண்டு வருஷமாக இடப்பக்கம் மட்டுமே மென்றுகொண்டிருந்தாளாம், இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.